ஊசி போடாத பன்னிரண்டு கிடாய்கள்

ஞானமலர் அக்காவுக்கு உட்கார்ந்தால் போதும், தூக்கம் வந்துவிடும். சென் தெனிப் புறநகருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் இருக்கை கிடைத்ததும் கண்ணை மூடுவார். இறங்கும் இடத்தில் நான்தான் தோளில் தட்டி எழுப்ப வேண்டும். இருவருக்கும் ஒரே அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அங்கே வேலை பார்ப்பவர்கள் வந்து கணினியைத் திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கோப்பிக் கறையையும் கக்கூஸையும் முடித்துவிட்டு நாங்கள் வெளியேறிவிட வேண்டும். மத்தியானம் அக்காவுக்கு ஒரு பாடசாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலையும் உண்டு. முழங்கால் வீக்கம், தோள்பட்டை வலி, சம்பளத்தில் பாதியை விழுங்கும் வாடகை. எந்நேரமும் அலுத்துப்போன முகம். மகள் லக்சிகா லியோனில் இருக்கிறாள். அவள் தொலைபேசியில் பிரெஞ்சில் சுகம் விசாரித்துக் கேட்கும் "சா வா, மமோ?" என்ற கேள்விக்கு அக்காவின் பதில் எப்போதும் ஒரு பெருமூச்சுதான்.

இருந்தும் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அவரைத் தெரியாத யாழ்ப்பாணத்தார் குறைவு. காரணம், தீபாவளிப் பங்கு.

பங்கு என்றால், பலர் சேர்ந்து ஆடு வாங்கி, இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆளுக்கு ஒரே அளவில் பிரித்துக்கொள்வது. ஒருவருக்குத் தொடையும் மற்றவருக்கு எலும்புமாகப் போகாது. தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன் ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் நிற்பார்கள். ஊரில் செம்மறியை முகர்ந்தும் பார்க்காதவர்கள் இங்கே செம்மறிக் கிடாய்க்கு அடிபடுவார்கள். போவே நகரத்தைத் தாண்டி எலோடி என்ற பெண்ணின் பண்ணை இருக்கிறது. அவள் வருடாவருடம் எங்களுக்கென்று பன்னிரண்டு கிடாய்களை ஒதுக்கி, முறைப்படி இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பி, தன் குளிரூட்டிய வண்டியிலேயே கொண்டுவந்து தருவாள். ரூ பெர்தொனே தெருப் பக்கத்தில் தெரிந்த ஒருவருடைய இறைச்சிக்கடையின் பின்னறையில் பங்கு பிரிப்போம்.

இதைத் தொடங்கியவர் அக்காவின் கணவர். அவர் இறந்த பிறகு அக்கா விட்டுவிடத்தான் பார்த்தார். சனம் விட்டால்தானே! தொலைபேசி ஓயவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும்; அந்தத் தெம்பு இல்லாததால் அக்கா தொடர்ந்தார். கணவர் சொல்லிவந்த விளம்பரத்தையும் அப்படியே தொடர்ந்தார்: "ஊசி இல்லை, மருந்து இல்லை, புல்லுத் திண்டு வளந்த கிடாய்." சுப்பர்மார்க்கெட் கோழி என்றாலே ஊசி போட்டு ஊதிய கோழி என்று முகம் சுளிக்கும் எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு வசனம் போதும். எலோடி குட்டிகளுக்கு ஏதாவது ஊசி போடுகிறாளா என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

2024 ஆகஸ்ட் கடைசியில் எலோடி தானாகவே தொலைபேசி எடுத்தாள். வடக்கிலிருந்து நீலநாக்கு நோய் இறங்கி வருகிறது, அரசாங்கம் தடுப்பூசி தருகிறது, மந்தை முழுவதற்கும் போடப் போகிறேன் என்றாள். அது கொசு மாதிரியான சிறிய நுளம்பு கடித்துப் பரவும் காய்ச்சல். மனிதருக்கு வராது. இறைச்சிக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஊசி போட்ட மறுநாளே வெட்டினாலும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் செம்மறிக்கு வந்தால் பிழைப்பது கடினம். நோய் வருமுன் ஊசி போட்டு, அது உடம்பில் பிடிக்கச் சில வாரம் விடவேண்டும். ஆகவே இப்போதே போட்டால்தான் உண்டு.

அக்கா ஒளிக்கவில்லை. பங்குக்காரரின் வட்ஸ்அப் குழுவில், இந்த முறை ஆடுகளுக்கு ஊசி போடுகிறார்களாம் என்று குரல் பதிவு ஒன்றைப் போட்டார். கோப்பி இடைவேளை முடிவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. முதலில் வந்தவர் தில்லையம்பலம் அண்ணை. உணவகச் சமையலிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது தேநீர்க்கடையில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருப்பவர். நோர்மண்டியில் ஒரு கிழவரின் பண்ணையிலிருந்து அவரும் தனியாக ஒரு பங்கு நடத்துகிறார். ஒப்பிட்டுப் பார்க்கவென்று எங்களிடமும் ஒன்று வாங்குவார்.

"தங்கச்சி, ஊசி போட்ட ஆடெண்டால் என்ர பேரைப் பங்கிலை இருந்து வெட்டிவிடுங்கோ. கொரோனாவுக்குப் போட்ட ஊசியே இன்னும் என்ர தோளுக்குள்ளை நிண்டு குத்துது. ஆட்டின்ர ஊசியையும் நான் தின்னோணுமே?"

அவருக்குப் பின்பாட்டுப் பாட ஆட்கள் குறைவில்லை. எங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம் என்று வரிசையாக வந்தது. அக்கா தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு துடைப்பத்தை எடுத்தார்.

"எங்கட பன்னிரண்டையும் விட்டிட்டு மற்றதுகளுக்குப் போடச் சொல்லுவம். ஆரோடையும் மல்லுக்கட்ட எனக்கு ஏலாது, சாரதா."

ஞாயிற்றுக்கிழமை என் காரில் போனோம். அக்காவிடம் கார் ஓட்டும் பெர்மி இல்லை, ஓட்டுநர் நான்தான். அக்காவின் பிரெஞ்சில் வினைச்சொற்களுக்குக் காலம் கிடையாது. ஆனாலும் பன்னிரண்டு, எங்கள் ஆட்கள், ஊசி வேண்டாம் என்பது எலோடிக்கு விளங்கிவிட்டது. அவள் கோபிக்கவில்லை. தகப்பன் இறந்தபின் தனி ஆளாக மந்தையைக் கட்டி மேய்ப்பவள். அவள் கண்களின் கீழும் கருவளையம் இருந்தது. "சரி, செய்யலாம். அதற்கு முன் என்னோடு ஓர் இடத்துக்கு வாருங்கள்" என்று பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே கொட்டிலில் ஓர் ஆடு முழங்காலில் நின்றுகொண்டிருந்தது. உதடும் தாடையும் வீங்கி, முகம் இரண்டு மடங்காக இருந்தது. நாக்கு ஊதிக் கறுநீலமாக வெளியே தள்ளியிருந்தது. முன்னால் வாளி நிறையத் தண்ணீர் இருந்தும், வாயை வைப்பதும் விழுங்க முடியாமல் எடுப்பதுமாக இருந்தது. வேலிக்கு வெளியே தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை நான் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன். செத்த ஆடுகளை ஏற்றிப்போகும் வண்டி வரத் தாமதமாம், எல்லாப் பண்ணையிலும் அழைக்கிறார்களாம்.

"அதுக்கு நோகுதோ எண்டு கேளும்" என்றார் அக்கா என்னிடம்.

கேட்டேன். எலோடி ஆமென்று தலையாட்டினாள்.

அக்கா எலோடியின் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "தூஸ்" என்றார். எல்லாவற்றுக்கும் போடு, எங்களுடையதுக்கும் சேர்த்து.

திரும்பி வரும்போது கேட்டேன்.

"அப்ப சனத்துக்கு என்னெண்டு சொல்லப்போறியள்?"

"ஊசி போடேல்லை எண்டு சொல்லுவன்."

"அது பொய்யெல்லே, அக்கா?"

"பொய்தான். ஒவ்வொருத்தருக்கும் இருந்து விளக்கம் சொல்ல எனக்கு எங்கை நேரம்? ஆடு சாகக்கூடாது. அவையும் சாப்பிடோணும். விடும், சாரதா."

கார் போர்த் து லா சப்பலை நெருங்குவதற்குள் குரல் பதிவு போய்விட்டது. "எங்கட பன்னிரண்டுக்கும் ஊசி இல்லை. யோசிக்காதேங்கோ." அதைப் பேசி முடித்ததும் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எனக்கு உள்ளூரச் சிரிப்புத்தான் வந்தது. நல்ல பொய், யாருக்கும் நட்டமில்லாத பொய் என்று நானும் நம்பினேன்.

ஊசி போடும் நாளில் உதவிக்குப் போனோம். ஊசி போடுவது ஒரு நொடி வேலை. ஆட்டைப் பிடித்து நிறுத்துவதில்தான் உயிர் போகும். மிருகவைத்தியர் பெண், சிரித்த முகம். நாங்கள் ஒவ்வொன்றாகக் கம்பிக்கூண்டோடு சேர்த்து அமத்திப் பிடிக்க, அவர் தோலை இழுத்துக் குத்திவிட்டு முதுகில் நீல நிறத்தில் கோடு போடுவார். ஒரு கிடாய் அக்காவின் கெட்ட முழங்காலிலேயே உதைத்தது. அடுத்த கிழமை முழுவதும் அவர் நொண்டிக்கொண்டுதான் தரை துடைத்தார். பாத்ரோன், எங்கள் முதலாளி, கேட்டதற்கு மெத்ரோப் படியில் விழுந்துவிட்டேன் என்றார்.

செப்டெம்பரில் அந்தப் பக்கத்துப் பண்ணையில் பாதி மந்தை போய்விட்டது. எலோடியின் மந்தை தப்பியது. சிலவற்றுக்குக் காய்ச்சல் வந்து போனதாம், அவ்வளவுதான்.

தீபாவளிப் பங்கு வழமைபோல நடந்தது. இறைச்சிக்கடையின் பின்னறையில் பைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஈரல் விழுந்ததா, எலும்பு விழுந்ததா என்று அக்கா சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேதாரகௌரி விரதம், ஒரு துண்டு வாயில் வைக்க முடியாது. வந்தவர்கள் எல்லோரும் பையை வாங்கிக்கொண்டு ஊசி போடாத இறைச்சியின் நிறமே தனி என்றார்கள். ஏற்கெனவே ஈரலை வறுத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் பைக்கு வந்த ஒருவர் ருசியும் தனி என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் தில்லையம்பலம் அண்ணை, பையைத் தூக்கிக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தியளே? பக்கத்துப் பண்ணையிலை ஆடு செத்து விழுந்ததாம். ஊசி போடாத எங்கட பன்னிரண்டுக்கும் ஒரு தும்மல்கூட வரேல்லை. எல்லாம் மருந்துக் கொம்பனியின்ர ஏமாத்து. நான் என்ர நோர்மண்டி முசியேக்கும் சொல்லிப்போட்டன், ஊசிக்குப் பின்னாலை அலையாதை எண்டு."

அக்காவின் கை பைக்குள் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அந்தப் பன்னிரண்டும் பிழைத்ததே ஊசியால்தான். இப்போது அவற்றையே சாட்சியாக நிறுத்தி, ஊசி வேண்டாம் என்று இன்னொரு மந்தைக்குத் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அறை நிறைய ஆட்கள், வெளியிலும் வரிசை. அக்கா அடுத்த பையை எடுத்து நீட்டினார்.

அதன்பிறகு ரயிலில் அவர் தூங்குவது குறைந்தது. கண்ணை மூடியிருப்பார், ஆனால் நான் தட்டுவதற்கு முன்பே எழுந்துவிடுவார். குளிர்காலத்தில் நுளம்பு இல்லை, ஆகவே அவசரமும் இல்லை என்று எனக்குச் சொன்னார். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். வசந்தம் வந்ததும், எலோடி அடுத்த ஊசிக்கு ஆயத்தம் என்று சொன்ன மறுநாள், வேலை முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு தேநீர்க்கடைக்குப் போனார். தில்லையம்பலம் அண்ணை வடையும் தேநீருமாக இருந்தார். சுற்றி நாலைந்து பேர்.

"அண்ணை, போன வருசம் நான் பொய் சொன்னனான். எல்லாத்துக்கும் ஊசி போட்டது. நான்தான் பிடிச்சனான். உங்கட முசியேயைப் போடச் சொல்லுங்கோ."

அண்ணை வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த வெள்ளைக்காரி உங்களுக்கு என்ன குடுத்தவள், தங்கச்சி, இப்பிடிக் கதைக்கிறதுக்கு?"

"நான் சொல்லுறது உண்மை."

"உந்த இறைச்சியை நான் திண்டனான். ஊசி போட்டதெண்டால் என்ர நாக்குக்குத் தெரியாதே?"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் குறுக்கே விழுந்து, "அக்கா சொல்லுறது சரி, நானும் நிண்டனான்" என்றேன். நீங்கள் இருவரும் ஒரே கட்சிதானே என்றார்கள். எனக்கு மேசையைப் புரட்டவேண்டும் போல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

"சொல்லிப்போட்டன். இனி அவையின்ர பாடு" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நம்பாமல் போனது அவருக்கு வசதியாகவும் இருந்தது. பங்கும் போகவில்லை, சொல்லியும் ஆயிற்று. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது அந்த ஒரு நாள்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. அலுத்துப்போன மனுஷியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

2025 செப்டெம்பர் நடுவில், ஒரு மாலை, தில்லையம்பலம் அண்ணை அக்காவின் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். மின்தூக்கி இல்லாத கட்டடம். மேலே ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தேநீர் வேண்டாம் என்றார். அவர் தேநீர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றுதான்.

தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். நோர்மண்டிக் கிழவர் அனுப்பியது. தடியை ஊன்றிக்கொண்டு வயலில் நின்று, கமராவைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வேலியோரம் செம்மறிகள் வரிசையாகக் கிடந்தன. எழுந்து நின்றவற்றின் முகமெல்லாம் வீங்கியிருந்தது. தீபாவளிக்கு ஒன்றும் தரமுடியாது, மன்னியுங்கள் என்றார் கிழவர். கடைசியில் இன்னொன்றும் சொன்னார். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"போவே பக்கத்துத் தமிழ் அம்மாவின்ர ஆடுகள் எப்பிடித் தப்பினதெண்டு தெரியேல்லை, அவை நல்ல இனமாக்கும் எண்டு சொல்லுறார்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை தூக்கம் வரவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் கணவர் செத்த வீட்டில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

தில்லையம்பலம் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, என்ர ஆக்களுக்கும் எலோடியிட்டை இருந்து எடுத்துத் தரேலுமே?"

"அதுகளுக்கு ஊசி போட்டுக் கிடக்கு, அண்ணை."

"தெரியும்." தரையைப் பார்த்தார். "பரவாயில்லை, தாங்கோ. ஆனால் சனத்துக்குச் சொல்லாதேங்கோ."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தொலைபேசியை எடுத்து, குழுவைத் திறந்து, அவருக்கு முன்னாலேயே பேசத் தொடங்கினார்.

"ஞானமலர் கதைக்கிறன். இந்த வருசம் எல்லாக் கிடாய்க்கும் ஊசி போட்டிருக்கு. போன வருசமும் போட்டதுதான். போடேல்லை எண்டு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அந்தப் பொய்யாலை நோர்மண்டியிலை ஒரு மனுசன்ர மந்தை செத்துக் கிடக்கு. வேண்டாதவை பங்கை வெட்டலாம். இனி இதைப் பற்றி எனக்கு விளக்கம் சொல்ல ஏலாது."

தொலைபேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. வெட்டுகிறோம், வெட்டுகிறோம் என்று வந்தவைதான் அதிகம். கேடுகெட்ட பொய்க்காரி என்று ஒருவர் எழுதினார். அக்கா அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணை, அந்த முசியேயின்ர நம்பரைத் தாங்கோ."

என் பிரெஞ்சை நம்பாமல் லியோனுக்கு எடுத்து லக்சிகாவையும் அழைப்பில் சேர்த்தார். கிழவர் எடுத்தார். அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, லக்சிகா பிரெஞ்சில் சொன்னாள். ஒரு இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"அம்மா, நீங்கள் பொய் சொன்னது எண்டதையும் சொல்லட்டோ?"

"அதைத்தான் முதல் சொல்லு, பிள்ளை."

சொன்னாள். மறுமுனையில் காற்றுச் சத்தமும் ஓர் ஆட்டின் கத்தலும் மட்டும் கேட்டன. கிழவர் பேசியபோது குரலில் கோபம் இல்லை. லக்சிகா மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"அவர் சொல்லுறார், உங்கட ஆடுகள் ஊசி இல்லாமல் தப்பின கதையைப் போன வருசம் கேட்டதும் அவருக்குச் சந்தோசமா இருந்ததாம். வயசு போட்டுதாம், மனுசியும் இல்லையாம், ஆட்டைப் பிடிச்சுத்தர ஆளில்லையாம். ஊசி இல்லாமலும் தப்பலாம் எண்டதும், அப்பாடா எண்டு விட்டிட்டாராம். இப்ப மேல் வயலிலை நிக்கிற மிச்சத்துக்கு நோய் வரேல்லையாம். மருந்து கிடக்காம். பிடிக்கத்தான் ஆளில்லை எண்டுறார்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீங்கிய முழங்காலைத் தடவியபடி என்னைப் பார்த்தார், பிறகு தில்லையம்பலம் அண்ணையைப் பார்த்தார்.

"சனிக்கிழமை மூண்டு பேர் பிடிக்க வருகினம் எண்டு சொல்லு, பிள்ளை."

தில்லையம்பலம் அண்ணை கொரோனா ஊசி போட்ட தன் தோளைத் தொட்டுக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமைதான் எனக்கும் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். வெள்ளி மாலை போய்க் காருக்குப் பெற்றோல் அடித்து வைத்தேன்.